மண்டையோட்டுக்குள் மறைந்த கட்டியை இனங்காட்டிய ஹார்வி குஷிங்

ஒரு பக்கக் காது மட்டும் மெல்ல மெல்ல மந்தமாகி வருவதை நம்மில் பலரும் ஒரு நோயாகவே கருதுவதில்லை. மறுகாது நன்றாகக் கேட்கும் வரையில் அன்றாட அலுவல்கள் எதுவும் தடைப்படுவதில்லை. ஆகவே அதனை வயதின் குறையென்றும், குளிக்கும்போது நீர் புகுந்ததால் வந்ததென்றும் சொல்லிக் கடந்துவிடுகின்றோம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நமது கரையோர ஊர்களின் வைத்தியசாலைகளுக்குக் காது இரைச்சலோடு வருவோரில் மிகப் பெரும்பாலானோருக்கு அது பாரதூரமான ஒன்றல்ல என்பதும் உண்மையே. எனினும் மிகச் சிலருக்கு அந்த மந்தமே மண்டையோட்டுக்குள் வளரத் தொடங்கிவிட்ட ஒரு கட்டியின் முதற் செய்தியாக அமைந்துவிடுகின்றது. அந்தச் செய்தியை வாசிக்கும் முறையை மருத்துவ உலகுக்குக் கற்றுத் தந்தவர் அமெரிக்கரான ஹார்வி குஷிங். நவீன மூளைச் சத்திரசிகிச்சையின் தந்தை எனப் போற்றப்படும் அவர் மறைந்து எட்டு தசாப்தங்களுக்கு மேலாகிவிட்டன. ஆயினும் அவரது வாழ்க்கையை இன்று எடுத்து நோக்குவதற்கு நமக்குக் காரணம் இருக்கின்றது.

மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு சோடிகள். அவற்றுள் எட்டாவது சோடியே ஒலியையும் உடலின் சமநிலையையும் மூளைக்கு அறிவிப்பது. மின்கம்பியைச் சுற்றி இறப்பர் உறை இருப்பதைப் போன்று நரம்பிழைகளைச் சுற்றியும் ஸ்வான் கலங்கள் எனப்படும் கலங்களாலான உறையொன்று உண்டு. அக்கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாவதே நரம்புறைக் கட்டி. மண்டையோட்டுக்குள் தோன்றும் கட்டிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டு, இந்த எட்டாம் நரம்பில் தோன்றுபவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சாதுவான கட்டிகள், மெதுவாக வளர்பவை, உடலின் வேறிடங்களுக்குப் பரவாதவை. ஆனால் அரிதிலும் அரிதாக நரம்புறையிலிருந்து கொடிய புற்றுநோய்க் கட்டியும் தோன்றுவதுண்டு. உடல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலே ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான் அந்நோய் காணப்படுகின்றது. அதுவும் மண்டையோட்டுக்குள் தோன்றுவதென்பது, மருத்துவ ஏடுகளில் ஒவ்வொரு நோயாளரையும் தனித்தனியே எழுதி வைக்கும் அளவுக்கு அரிது. உள்ளே கட்டி இருக்கின்றதா, இருந்தால் எங்கே, அது சாதுவானதா கொடியதா என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதே இங்கு நோயறிதல். முதலிரண்டு கேள்விகளுக்குக் குஷிங் தந்த விடை இன்றும் நிலைத்திருக்கின்றது. மூன்றாவதற்கு அவர் வழியைத் திறந்து வைத்தார்.

1869 ஏப்ரல் 8ஆம் திகதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில், பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறையாக வைத்தியம் பார்த்த குடும்பம் அது. யேல் பல்கலைக்கழகத்தில் 1891இல் பட்டம் பெற்றுப் பின்னர் ஹாவர்ட் மருத்துவக் கல்லூரியில் 1895இல் வைத்தியரானார். விளையாட்டிலும் சித்திரம் வரைவதிலும் தேர்ந்தவர். அந்தச் சித்திரக்கை பிற்காலத்தில் அவருக்கு எத்தனை பயன்பட்டதென்பதைப் பின்னர் காண்போம்.

மாணவராக இருந்த காலத்தில் நேர்ந்த ஒரு மரணமே அவரை உருவாக்கியது எனலாம். அந்நாளில் சத்திரசிகிச்சைக்கு முன்னர் நோயாளிக்கு ஈதர் கொடுத்து மயக்குவது அனுபவமற்ற மாணவர்களின் வேலையாக இருந்தது. அவ்வாறு குஷிங் மயக்க மருந்து கொடுத்த ஒரு நோயாளி மேசையிலேயே உயிர் நீத்தார். மருத்துவப் படிப்பையே விட்டுவிட அவர் எண்ணினாராம். விடவில்லை. மாறாக, எர்னஸ்ட் அமோரி கொட்மன் என்ற சக மாணவரோடு சேர்ந்து, மயக்கத்தில் இருப்பவரின் நாடித்துடிப்பையும் சுவாசத்தையும் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை குறித்து வைக்கும் அட்டவணையொன்றை உருவாக்கினார். இன்று உலகெங்கும் சத்திரசிகிச்சைக் கூடங்களில் நிரப்பப்படும் மயக்கமருந்துப் பதிவேட்டின் மூலம் அதுவே. தவறு நேர்ந்த இடத்தில் பதிவேடொன்றைத் தொடங்குவது என்ற பழக்கம் அன்றிலிருந்து இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

1896இல் பல்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சத்திரசிகிச்சை மேதையின் கீழ்ச் சேர்ந்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டு அப்போது ஓராண்டு கூட நிறைவுறவில்லை. அக்கருவியைக் கையாண்டு, முதுகெலும்பில் தங்கிய துப்பாக்கிக் குண்டைப் படமெடுத்துக் கட்டுரை எழுதியோருள் அவர் முன்னோடி. ஆனால் எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமேயன்றி, மூளையைக் காட்டாது. மென்மையான அந்த உறுப்பினுள் கட்டி எங்குள்ளதென்பதை அறிய அந்நாளில் எந்தப் படமும் இருக்கவில்லை. மண்டையோட்டைத் திறந்த பின்னர் கட்டி அவ்விடத்தில் இல்லையெனக் கண்டு மீண்டும் மூடுவது சாதாரண நிகழ்வாக இருந்தது. திறக்கப்பட்டோரில் பெருந்தொகையினர் பிழைக்கவுமில்லை. அதனால் மூளைப் பக்கம் கத்தியைக் கொண்டு செல்வதையே பெரும்பாலான சத்திரசிகிச்சை நிபுணர்கள் தவிர்த்து வந்தனர்.

1900இல் ஐரோப்பா சென்ற குஷிங், சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் தியோடர் கோகரின் ஆய்வுகூடத்தில் ஒரு முக்கிய உண்மையை நிறுவினார். மண்டையோட்டுக்குள் அழுத்தம் உயரும்போது, மூளைக்குக் குருதி போய்ச் சேர்வதை உறுதிப்படுத்த உடல் தன் இரத்த அழுத்தத்தை உயர்த்திக்கொள்கின்றது என்பதே அது. உயரும் இரத்த அழுத்தம், குறையும் நாடித்துடிப்பு, ஒழுங்கு தவறும் சுவாசம் ஆகிய மூன்றும் சேர்ந்து வருமாயின் மூளை நெருக்கப்படுகின்றது என்று பொருள். தலையில் அடிபட்டு வரும் நோயாளரிடம் இன்றும் நமது தாதியர் இந்த மூன்றையும் மணிக்கணக்கில் குறித்துக்கொண்டிருப்பது இதனாலேயே. திரும்பும் வழியில் இத்தாலியின் பவியா நகரில் ரிவா-ரொச்சி உருவாக்கியிருந்த இரத்த அழுத்தமானியைக் கண்டு, அதன் மாதிரியை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று பழக்கத்துக்குக் கொண்டு வந்தவரும் அவரே.

பல்டிமோரில் பத்தாண்டுகளுக்கு மேலாகவும், 1912இன் பின்னர் பொஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் வைத்தியசாலையிலும் அவர் மூளைக் கட்டிகளையே தமது வாழ்நாட் பணியாக ஏற்றுக்கொண்டார். கபச்சுரப்பியின் நோய்கள் பற்றி 1912இல் அவர் வெளியிட்ட நூலும், பிற்காலத்தில் 1932இல் இனங்கண்டு அவர் பெயராலேயே வழங்கப்படும் குஷிங் நோயும் பரவலாக அறியப்பட்டவை. எனினும் நாம் இங்கு அழுத்திக் கூற விரும்புவது 1917இல் வெளிவந்த மற்றுமொரு நூலைப் பற்றியே. செவிநரம்பில் தோன்றும் கட்டிகள் பற்றிய அந்நூல், அவர் நேரடியாகக் கண்டு, கட்டியென உறுதிப்படுத்திய சுமார் முப்பது நோயாளரின் கதைகளால் ஆனது.

அந்த முப்பது பேரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: முதலில் என்ன நேர்ந்தது, அதன் பின் என்ன, அதன் பின் என்ன? பெரும்பாலானோர் வைத்தியரிடம் வந்தது தாங்கமுடியாத தலைவலிக்காகவோ பார்வை மங்கியதற்காகவோ ஆகும். காதைப் பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை. அது எப்போதோ, பல ஆண்டுகளுக்கு முன்னரே மந்தமாகி மறக்கப்பட்டுவிட்ட ஒன்று. குஷிங் பொறுமையாகப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனபோது எல்லாக் கதைகளும் ஒரே இடத்தில் போய் நின்றன. முதலில் ஒரு காதில் இரைச்சல், மந்தம், இடையிடையே தலைச்சுற்றல். அடுத்ததாக நெற்றியிலும் பிடரியிலும் வலி. அதற்கடுத்து நடை தள்ளாடுதல், கை நிதானமிழத்தல். கட்டி இப்போது சிறுமூளையைத் தொட்டுவிட்டது. பின்னர் அயல் நரம்புகள் ஒவ்வொன்றாகப் பாதிக்கப்பட்டு முகத்தின் ஒரு பக்கம் மரத்துப்போதல். அதனைத் தொடர்ந்து மண்டையோட்டுக்குள் அழுத்தம் உயர்ந்து வாந்தி, கண்ணின் உட்புற நரம்பு வீங்கிப் பார்வையிழத்தல். கடைசியில் பேச்சுக் குழறி, விழுங்க முடியாமற் போய், சுவாசம் தடைப்படுதல்.

அறிகுறிகள் எவை என்பதை அவருக்கு முன்னரும் பலர் எழுதியிருந்தனர். அவை எந்த வரிசையில் வருகின்றன என்பதே நோயின் முகவரி என்பதைக் காட்டியவர் குஷிங். தலைவலியோடு தொடங்கிப் பின்னர் காது மந்தமாகுமானால் கட்டி வேறெங்கோ இருக்கின்றது. காதில் தொடங்கிப் பின்னர் தலைவலி வருமானால் அது செவிநரம்பின் அருகேயே இருக்கின்றது. ஸ்கேன் இல்லாத ஒரு காலத்தில், மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் இடையிலான ஒரு சிறு மூலையைத் தொடாமலே சுட்டிக்காட்ட இந்த வரிசை ஒன்றே போதுமானதாயிற்று. அத்தோடு அவர் கைக்கொண்ட கருவிகளும் எளியவை: ஓர் இசைக்கவை, கண்ணின் உட்புறம் பார்க்கும் கருவி, ஒரு பஞ்சு நுனி. பஞ்சு நுனியால் கருவிழியை மெல்லத் தொட்டால் கண் தானே மூடிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மூடவில்லையென்றால், முகத்தின் உணர்வு நரம்பைக் கட்டி அழுத்தத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது ஓர் ஆரம்ப அடையாளம். இவற்றுள் எதுவும் நமது எந்தக் கிராமிய வைத்தியசாலையிலும் கிடைக்காத பொருளல்ல. கிடைப்பதற்கரிதானது நோயாளியின் கதையை முழுவதும் கேட்டு முடிக்கும் நேரமே. வெளிநோயாளர் வரிசையின் நீளத்தை அறிந்தவர்கள் இதற்காக எந்த வைத்தியரையும் குறைகூற மாட்டார்கள். ஆனால் தமது கதையை எந்த வரிசையில் சொல்ல வேண்டுமென்பதை நோயாளர் அறிந்திருந்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்பது நமது எண்ணம்.

நோயைக் கண்டறிந்த பின்னர் சிகிச்சை என்னவாயிற்று? அந்தக் காலத்தில் இக்கட்டியை விரலை விட்டுத் தோண்டி எடுப்பதே வழக்கமாயிருந்தது. பத்தில் ஏழெட்டுப் பேர் இறந்தனர். குஷிங் அவசரப்படவில்லை. கட்டியின் உறையைத் திறந்து உள்ளிருப்பதை மட்டும் அகற்றி, மூளைத்தண்டோடு ஒட்டியிருக்கும் உறையை அப்படியே விட்டுவிட்டார். இரத்தக் கசிவை நிறுத்த 1911இல் சிறு வெள்ளிக் கவ்விகளை அறிமுகப்படுத்தினார். 1926இல் வில்லியம் பொவி என்ற பௌதிகவியலாளருடன் இணைந்து மின்சாரத்தால் இழையத்தை வெட்டும் முறையை மூளைக்குக் கொண்டு வந்தார். சத்திரசிகிச்சையின்போது ஏற்படும் மரணம் 1931 அளவில் நூற்றுக்கு நான்காகக் குறைந்தது. ஆனால் விட்டுவைத்த உறை மீண்டும் வளர்ந்தது. பலர் ஐந்தாண்டுகளுக்குள் அதே கட்டிக்கே பலியாயினர்.

கட்டியை உறையோடு முழுமையாக அகற்ற வேண்டுமென்று வாதிட்டவர் அவரிடமே பயின்ற வோல்டர் டண்டி. குஷிங் அதனை ஏற்கவில்லை. ஏற்காதது மட்டுமன்றி டண்டியைக் கடுமையாகத் தாக்கியும் எழுதினார். இருவருக்கும் இடையிலான பகை கடைசிவரை தீரவில்லை. இன்று பின்னோக்கிப் பார்க்கையில், உயிரோடு மேசையிலிருந்து இறக்குவது எப்படியென்று குஷிங் காட்டினார், கட்டியே இல்லாமல் அனுப்புவது எப்படியென்று டண்டி காட்டினார் என்றே சொல்லத் தோன்றுகின்றது. உதவியாளர்களை வதைக்குமளவுக்குக் கண்டிப்பானவர், தம்மோடு ஒத்துப்போகாதோரைப் பொறுக்காதவர், தம் காலத்து அமெரிக்க மேட்டுக்குடியின் இனப் பாகுபாட்டு எண்ணங்களிலிருந்து விடுபடாதவர் என்பவையெல்லாம் அவரது வரலாற்றாசிரியர்கள் மறைக்காத உண்மைகள். 1926ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு காலை, மூத்த மகன் வில்லியம் மோட்டார் விபத்தில் இறந்த செய்தி அவருக்கு எட்டியது. மனைவிக்கு அதனை அறிவித்துவிட்டு, தமக்காகக் காத்திருந்த நோயாளிக்குச் சத்திரசிகிச்சை செய்யச் சென்றார். இதனைக் கடமையென்பதா, கல்நெஞ்சம் என்பதா என்பதை வாசகரிடமே விட்டுவிடுகின்றோம்.

செவிநரம்பு பற்றிய நூல் வெளிவந்த அதே 1917இல் அவர் முதலாம் உலகப் போரின் பிரான்சு முனைக்குச் சென்றார். மூளைக்குள் புகுந்த குண்டுச் சிதறல்களால் இறப்போரின் விகிதத்தை மூன்று மாதங்களுக்குள் நூற்றுக்கு 54இலிருந்து 29ஆகக் குறைத்தார். அவரது ஆசானும் நண்பருமான வில்லியம் ஒஸ்லரின் ஒரே மகன் அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் போர்முனையில் காயமடைந்து உயிர் நீத்தபோது குஷிங் அருகில் இருந்தார். ஒஸ்லரின் வாழ்க்கை வரலாற்றைப் பின்னர் அவரே எழுத, அந்நூல் 1926இல் புலிட்சர் பரிசு பெற்றது.

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். கட்டி சாதுவானதா, கொடியதா? இதற்கு நோயாளியின் கதை மட்டும் போதாது. கட்டியின் இழையம் நுணுக்குக்காட்டியின் கீழ் வரவேண்டும். நரம்புகளில் பல கட்டிகள் தோன்றும் பரம்பரை நோயை ஜேர்மனியரான ஃபொன் றெக்லிங்ஹவுசன் 1882இலேயே விபரித்திருந்தார். நரம்புறைக் கட்டியின் தனித்த உள்ளமைப்பை ஹொசே வெரொகாய் 1910இல் இனங்கண்டார். குஷிங் இவற்றோடு சேர்த்த பங்கு, எதையும் எறியாத பிடிவாதம். தாம் அகற்றிய ஒவ்வொரு கட்டியையும் சேமித்தார். ஒவ்வொரு சத்திரசிகிச்சை முடிந்ததும் தம் கையாலேயே அதனைச் சித்திரமாக வரைந்தார். சுகமாகிச் சென்றோரை ஆண்டுதோறும் கடிதம் எழுதித் தமது நிலையைத் தெரிவிக்கும்படி வேண்டினார். அனுமானித்த கட்டிகளை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. கண்ணால் கண்டு இழையத்தால் உறுதியானவற்றையே எண்ணினார். அந்த எண்ணிக்கை 1931 ஏப்ரல் 15ஆம் திகதி இரண்டாயிரத்தைத் தொட்டது.

இந்தச் சேகரிப்பின் உயிர்நாடியாக இருந்தவர் ஒரு பெண். லுயிஸ் ஐசன்ஹார்ட் 1915இல் குஷிங்கின் எழுத்துப் பணிகளுக்கான உதவியாளராகச் சேர்ந்தவர். செவிநரம்பு நூலின் தயாரிப்பே அவரை இத்துறைக்கு இழுத்தது. அதன் பின்னர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1925இல் வைத்தியராகி, மூளைக் கட்டிகளை நுணுக்குக்காட்டியில் வாசிப்பதில் அக்காலத்தின் முதன்மையானவர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னர் என்ன நேர்ந்தது என்பதை அவர் ஒரு சிறு கறுப்புக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வந்தார். அது ஏன் முக்கியம்? நுணுக்குக்காட்டியில் ஒரே மாதிரித் தோன்றும் இரு கட்டிகளில் ஒன்று இருபதாண்டு அமைதியாக இருக்கலாம். மற்றது ஆறு மாதத்தில் திரும்பி வரலாம். எது எதுவென்பதைக் காலம்தான் சொல்லும். சொல்வதைக் குறித்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அர்-ராஸி தம் நோயாளரின் குறிப்புகளை எழுதி வைத்ததும் இதே நோக்கத்திற்காகத்தான். அவர் மறைவுக்குப் பின் தொகுக்கப்பட்ட அல்-ஹாவி என்ற பெருந்தொகுப்பில் அக்குறிப்புகள் இடம்பெற்றன. பழைய நூல்களைத் தேடிச் சேர்ப்பதில் பெருவிருப்புடைய குஷிங்கின் நூலகத்தில் அர்-ராஸி, இப்னு சீனா ஆகியோரின் நூல்களின் ஆரம்பகால அச்சுப் பதிப்புகளும் இருந்தன என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

ஆனால் எதையும் எறியாத அந்தப் பிடிவாதத்திற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. பல்டிமோரில் இருந்த காலத்தில், கபச்சுரப்பி நோயால் இராட்சத உருவமடைந்த ஒருவர் இறந்தபோது, குடும்பத்தார் இணங்காத நிலையில், அடக்கப் பணியாளருக்குப் பணம் கொடுத்து அவ்வுடலிலிருந்து சுரப்பியை எடுத்துவர அவரது உதவியாளர்கள் அனுப்பப்பட்டனர். அறிவுக்காக என்றாலும் அது களவே. இறந்தவரின் உடலுக்குரிய கண்ணியத்தையும் காலதாமதமற்ற ஜனாஸா நல்லடக்கத்தையும் பெரிதாக மதிக்கும் நமது சமூகத்தில் இதனை நியாயப்படுத்த எவரும் முன்வரமாட்டார். அதேவேளை, உயிரோடிருப்பவரின் கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்துப் பரிசோதிக்க உறவினர் தயங்குவதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பேச்சு நமது ஊர்களில் இன்றும் உலவுகின்றது. அந்தப் பேச்சை நம்பிக் காத்திருந்த மாதங்களில் வளர்ந்துவிடும் கட்டிகளே அதிகம்.

குஷிங்கின் காலத்தில் கொடிய நரம்புறைக் கட்டியைத் தனியாக வகுத்தறியும் வசதிகள் போதியளவு இருக்கவில்லை. இன்று காந்தப்புலத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், சில மில்லிமீற்றர் அளவேயான கட்டியையும் காட்டிவிடுகின்றது. ஆனால் அது கட்டியின் இருப்பிடத்தையும் பருமனையுமே உறுதியாகச் சொல்லும். அதன் குணத்தைச் சந்தேகிக்க வைக்குமேயன்றி உறுதிப்படுத்தாது. சந்தேகத்துக்கு இடமளிப்பவை எவையெனில், மீண்டும் அந்தக் கதையின் வேகம்தான். சாதுவான கட்டி ஆண்டுக்கணக்கில் காதை மந்தமாக்கும். அருகிலேயே செல்லும் முகத்தின் இயக்க நரம்பை அது நசுக்கினாலும் முகம் பெரும்பாலும் கோணுவதில்லை. கொடிய கட்டியோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வளரும். கடும் வலி தரும். முகத்தை விரைவில் கோணச் செய்யும். அகற்றிய சில மாதங்களிலேயே மீண்டும் தலைகாட்டும்.

இழையத்தை ஆராயும் நோயியல் நிபுணரின் பணியும் இலகுவானதன்று. சாதுவான கட்டிகளிலேயே கலங்கள் நெருக்கமாகத் திரண்டு புற்றுநோயைப் போலத் தோற்றமளிக்கும் ஒரு வகை உண்டு. எனவே கலங்கள் எத்தனை வேகமாகப் பிரிகின்றன, கட்டியினுள் மடிந்த பகுதிகள் உள்ளனவா என்று பார்ப்பதோடு, சில புரதங்களைச் சாயமேற்றியும் சோதிக்கின்றனர். ஸ்வான் கலங்களுக்குரிய எஸ்-100, சொக்ஸ்-10 ஆகிய புரதங்கள் சாதுவான கட்டியில் நிறைந்து காணப்படும். கொடியதில் அவை ஆங்காங்கே மட்டும் தென்படும், அல்லது முற்றாக மறைந்துவிடும். கலத்தின் கருவில் மரபணுக்களைச் சுற்றி வைத்திருக்கும் ஹிஸ்டோன் புரதத்திலுள்ள ஒரு குறிப்பிட்ட அடையாளம் அழிந்துபோயிருத்தலும் அண்மைக்காலத்தில் பயன்படுத்தப்படும் ஒரு தடயம். இத்தனைக்குப் பின்னரும் இரண்டாவது நிபுணரின் கருத்தைக் கேட்டே முடிவெடுப்பது வழக்கம். நோய் உறுதியானால் இயன்றளவு அகற்றிக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கப்படுகின்றது. அவ்வாறு செய்தும் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை என்பதை மறைப்பதில் பயனில்லை.

இக்கொடிய கட்டி உடலின் எப்பகுதியில் தோன்றினாலும், அதற்கு ஆளாவோரில் ஏறத்தாழ பாதிப்பேர் றெக்லிங்ஹவுசன் விபரித்த பரம்பரை நோயுடையவர்கள். இன்னும் சிலருக்கு, முன்னர் வேறொரு நோய்க்காகக் கதிர்வீச்சுப் பெற்ற இடத்தில் பல ஆண்டுகளின் பின் அது தோன்றுகின்றது. அப்பரம்பரை நோய் அத்தனை அரிதன்று. சுமார் மூவாயிரம் பேரில் ஒருவருக்கு உண்டு. பால் தேநீரின் நிறத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட தட்டை மச்சங்கள் சிறுவயதிலேயே உடலில் தென்படும். வளர வளரத் தோலில் மெத்தென்ற முடிச்சுகள் தோன்றும். திருமணப் பேச்சுக்கு இடையூறாகுமென அஞ்சி அவற்றை மறைக்கும் குடும்பங்களும் உண்டு. மறைப்பதால் போவது மச்சமல்ல. இருந்தாற்போல் ஒரு முடிச்சு வலித்து வளரத் தொடங்கும்போது அதனை இனங்காணும் வாய்ப்பே. இரு காதுகளிலும் செவிநரம்புக் கட்டி தோன்றும் வேறொரு பரம்பரை நோயும் உண்டு. குஷிங்கின் காலத்தில் இரண்டும் ஒன்றெனவே கருதப்பட்டன. ஒன்று 17ஆம் நிறமூர்த்தத்திலும் மற்றது 22ஆம் நிறமூர்த்தத்திலும் வேர்கொண்டவை என்பது 1987இல்தான் தெளிவாயிற்று.

குஷிங் பற்றவைத்த விளக்கு நமது பக்கமும் வந்து சேர்ந்தது. பொஸ்டனில் இளம் வைத்தியராக அவரிடம் பணியாற்றிய வைல்டர் பென்பீல்ட் பின்னர் கனடாவின் மொன்றியல் நகரில் நரம்பியல் நிறுவனத்தை அமைத்தார். சென்னையில் மருத்துவம் கற்று, பஹ்ரெய்ன் மிஷன் வைத்தியசாலையில் சில ஆண்டுகள் கடமையாற்றிய கேரளத்தவரான ஜேகப் சாண்டி, அங்கு பயிற்சி பெற்று 1949இல் வேலூரில் இந்தியாவின் முதலாவது நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைப் பெரியாஸ்பத்திரியில் பி. இராமமூர்த்தி தொடங்கினார். 1950களில் கொழும்பிலும் அத்துறை வேரூன்றியது. நமது கரையோரத்திலிருந்து மூளைக் கட்டியோடு கொழும்புக்கும் கண்டிக்கும், வசதி கிடைத்தால் வேலூருக்கும் சென்று வந்தோரின் கிளினிக் கொப்பிகளும் படங்களும் எத்தனையோ வீடுகளில் அலுமாரிக்குள் இருந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது வீடுகளோடு அவையும் போயின. பத்தாண்டுக்கு முன் எடுத்த கட்டி எந்த வகையென்று கேட்கும் வைத்தியருக்குச் சொல்ல ஒன்றுமின்றி நிற்பது எத்தகைய இழப்பென்பதை, ஐசன்ஹார்ட்டின் கறுப்புக் குறிப்புப் புத்தகத்தை நினைக்கையில் உணர முடிகின்றது.

1933இல் பொஸ்டனை விட்டுத் தாம் முதலில் கற்ற யேல் பல்கலைக்கழகத்துக்கே குஷிங் பேராசிரியராகத் திரும்பினார். ஐசன்ஹார்ட்டும் கட்டிகள் நிறைந்த கண்ணாடிச் சாடிகளும் பின்தொடர்ந்தன. மூளையுறைக் கட்டிகள் பற்றி இருவரும் இணைந்து எழுதிய பெருநூல் 1938இல் வெளிவந்தது. நோபல் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் அது அவருக்குக் கிட்டவில்லை. 1939 ஒக்டோபர் 7ஆம் திகதி மாரடைப்பினால் காலமானார். பிரேத பரிசோதனையின்போது அவரது மூளையின் மூன்றாம் அறையினுள் சிறு நீர்க்கட்டியொன்று இருக்கக் காணப்பட்டது. ஈராயிரம் பேரின் மூளையில் கட்டியைத் தேடியவர், தம்முள் இருந்ததை அறியாமலே வாழ்ந்து முடித்திருக்கின்றார்.

ஐசன்ஹார்ட் 1967இல் மறைந்தார். அதன் பின்னர் கேட்பாரற்ற அந்தச் சாடிகள் யேல் மாணவர் விடுதியொன்றின் நிலக்கீழ் அறையில் தூசி படிந்து கிடந்தன. 1990களில் மாணவர் சிலரின் கண்ணில் பட்டு, துப்புரவு செய்யப்பட்டு, 2010இல் யேல் மருத்துவ நூலகத்தின் கீழ்த்தளத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டன. நூற்றாண்டுக்கு முற்பட்ட நோயாளரின் நிழற்படங்களும் அவர்களைப் பற்றிய குறிப்புகளும் அங்கே அவற்றோடு பேணப்படுகின்றன.